ஒரு சிபியு, ஐந்து இருக்கை: பாம்பன் பக்கத்துப் படிப்பகத்தில் செய்த வேலை

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, தென்கடல் பக்கம் எங்கள் படிப்பகம். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் ஜன்னல் கம்பியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்க்கலாம், உப்புக் கரிக்கும். அந்த ஜன்னல் ஓரமாகத்தான் ஐந்து பழைய சிபியு வரிசையாக இருந்தன. 2025 பொங்கல் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது ஓடியவை இரண்டு. ஒன்று பீப் அடித்துக்கொண்டே இருந்தது. மீதி இரண்டுக்கு உயிரே இல்லை.

பீப் அடித்ததைத் திறந்தேன். ரேமின் கால் வரிசை பச்சை பூத்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துச் சொருகியதும் எழுந்துவிட்டது. செத்த இரண்டிலும் அது நடக்கவில்லை. மதர்போர்டில் மின்சாரம் நுழையும் மூலையில் வெள்ளையும் பச்சையுமாகப் படர்ந்து, செப்புக் கோடு சில இடங்களில் அற்றே போயிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் செய்த எல்லாம் இதிலிருந்துதான் வந்தது. மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்போம். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்த்துப்போகும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரமே போதும். நம் கரையில் காற்று அவ்வளவு வறளும் நாள் அபூர்வம். ஆக, ஃபேன் இழுத்துப் போர்டு மேல் படியவைத்த தூசி இங்கே எப்போதும் லேசாக நனைந்தே இருக்கும். நனைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். அதன் மேல் வோல்டேஜும் நின்றால் செப்பு அரிக்கத் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் ஐந்து என்றால் இந்த அரிப்பிலிருந்து காப்பாற்ற வேண்டியதும் ஐந்து.

அதைவிட என்னை உறுத்திய விஷயம் ஓடிக்கொண்டிருந்த இரண்டில் இருந்தது. இரண்டிலும் ஒரே ஒரு விண்டோஸ் யூசர், பாஸ்வேர்டு கிடையாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஊரே அதில் கிடந்தது. ஆதார் ஸ்கேன், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், படகுப் பதிவுக் காகிதம், சாதிச் சான்றிதழ். கல்லூரியில் சேர்ந்த ஒரு பொண்ணின் உதவித்தொகை விண்ணப்பத்தை யாரோ தெரியாமல் திறந்து பாதியில் மாற்றி வைத்துவிட, அது நிராகரிக்கப்பட்டு அவள் மறுபடி அலைந்திருக்கிறாள். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இதைச் சொன்னபோது, புது மெஷின் வாங்குவதைவிட ஒவ்வொருவருக்கும் தனக்கென்று பூட்டிய இடம் ஒன்று தருவதுதான் முதல் வேலை என்று பட்டது.

நல்ல மெஷின் ஒன்றை உள்ளறையில் வைத்துக் காப்பாற்றுவது, ஐந்து இருக்கையிலும் அதன் திரையை மட்டும் நெட்வொர்க் வழியே கொண்டுவருவது. இதுதான் திட்டம். புதிய யோசனையில்லை. கம்ப்யூட்டர் அரிதாக இருந்த காலத்தில், 1961லேயே, அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரே மெஷினைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். யூனிக்ஸ், லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டங்களும் அந்த வழியில் வந்தவை, பல பேர் ஒன்றாக வேலை செய்வார்கள் என்ற எண்ணத்திலேயே கட்டப்பட்டவை.

முதலில் விண்டோஸையே வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன், பிள்ளைகளுக்குப் பழக்கம் என்பதால். விண்டோஸ் 10, 11 ப்ரோவில் ரிமோட் டெஸ்க்டாப் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம், இன்னொருவர் நுழைந்தால் முதல் ஆள் வெளியே தள்ளப்படுவார். அதைத் தாண்டிப் பலரை நுழையவிடும் ஒட்டுவேலைகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவை உரிம விதிக்கு எதிரானவை, அப்டேட் வந்தால் உடைந்தும் போகும். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. முறையாகச் செய்ய விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு அணுகல் உரிமமும் வாங்க வேண்டும், படிப்பகத்துக்கு அது கட்டாது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடியப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள்.

ஒரே சர்வரிலிருந்து பல மெஷின்களைப் பூட் செய்யும் லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட்டையும் யோசித்தேன். 1999ல் ஜிம் மெக்குவிலன் தொடங்கியது. பள்ளிக்கூட லேப்களுக்கு மிக நல்லது. ஆனால் 2019ல் திருப்பி எழுதப்பட்ட பிறகு, அதில் சர்வரிலிருந்து பூட் ஆகும் மெஷின் தன் சொந்த பிராசசரிலும் ரேமிலும்தான் வேலை செய்கிறது. எங்களிடம் இருந்தவை 2 ஜிபி ரேம் மெஷின்கள், ஒரு பிரவுசரையே தாங்காது. அதனால் டெபியன் 12 என்ற லினக்ஸ், அதன்மேல் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப், அந்த டெஸ்க்டாப்பை நெட்வொர்க் வழியே இருக்கைகளுக்கு அனுப்பும் எக்ஸ்ஆர்டிபி என்று முடிவு செய்தேன்.

மதுரையில் பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒன்று கிடைத்தது. 6 கோர் ஜியான் பிராசசர், 32 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 24,000 ரூபாய். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுபோய், எல்லா ரயிலும் மண்டபத்தோடு திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியருகே வைத்துக்கொண்டு சாலைப் பாலம் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தேன். இருக்கைகளுக்கு, ஃபேன் இல்லாத பழைய தின் கிளையன்ட், அதாவது சர்வரின் திரையைக் காட்டுவதற்கென்றே செய்த சின்னப் பெட்டி, மூன்று, ஒவ்வொன்றும் 2,500 ரூபாய். மீதி இரண்டு இருக்கைக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய சிபியுவே. அவற்றின் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, பென்டிரைவிலிருந்து பூட் ஆகி நேராக லாகின் திரைக்குப் போகும்படி செய்தேன். இனி ஜன்னல் ஓரத்து மெஷின் உப்பில் செத்தாலும் யாருடைய ஃபைலும் அதோடு போகாது.

சர்வராகிய அந்த ஒர்க்ஸ்டேஷன் உள்ளறையில், கடலுக்கு முதுகு காட்டிய சுவர் பக்கம், தரையிலிருந்து இரண்டடி உயரப் பலகை மேல். காற்று நுழையும் முகப்பில் ஏசி ஃபில்டர் ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டினேன். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து மாட்ட வேண்டும். சர்வரை இரவிலும் அணைப்பதில்லை. கரண்ட் வீணாகாதா என்று அக்கா கேட்டார். ஓடும் மெஷின் உள்ளே சூடாக இருப்பதால் ஈரம் படியாது, அணைத்துப் போட்டால்தான் விடியற்காலையில் போர்டு வேர்க்கும் என்று சொன்னேன். இந்தக் கரையில் கம்ப்யூட்டரை ரொம்ப நாள் அணைத்து வைப்பதைவிட ஓடவிடுவதே அதற்கு நல்லது.

எக்ஸ்ஆர்டிபியை நிறுவுவது அரைமணி நேர வேலை. அதன் பிறகு வந்ததுதான் வேலை.

முதல் நாளே கறுப்புத் திரை. சரியான பாஸ்வேர்டு போட்டாலும் திரை ஒருமுறை மினுக்கிவிட்டுப் பழையபடி லாகினுக்கே திரும்பியது. சர்வர் எழுதிவைக்கும் லாக் பதிவைப் புரட்டியதில் காரணம் தெரிந்தது. நான் அதே யூசர் பெயரில் சர்வரின் சொந்த மானிட்டரிலும் நுழைந்து வைத்திருந்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு டெஸ்க்டாப் ஒரே நேரத்தில் தொடங்க முயன்றால் இப்படி முட்டிக்கொள்ளும். சர்வரின் மானிட்டரையே கழற்றிவிட்டேன். பராமரிப்புக்கென்று எனக்குத் தனி யூசர், அதுவும் எழுத்துத் திரை வழியாக மட்டும்.

அடுத்து, யார் நுழைந்தாலும் நிறம் சம்பந்தமான ஏதோ சாதனத்தை உருவாக்க நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்தது. சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்து எழுந்துபோனார்கள். மானிட்டர் நிறத்தை நிர்வகிக்கும் கலர்டி என்ற சேவை, ரிமோட்டில் வருகிறவரை நம்பாமல் அனுமதி கேட்கிறது. யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிக்கும் பால்கிட்டில் ஒரு விதி எழுதி அதை நிறுத்தினேன்.

தமிழ் தட்டச்சு என்னை இரண்டு நாள் உட்காரவைத்தது. எல்லாரும் தமிழ்99 கீபோர்டு முறை பழக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அ, ம, ம, ஆ என்று அடித்தால் புள்ளியை அதுவே வைத்து ‘அம்மா’ என்று வந்து நிற்கும் அழகு வேறு எதில் இருக்கிறது? ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பில், அடிப்பதைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் ஐபஸ் தானாகத் தொடங்கவே இல்லை. ஒவ்வொரு யூசரின் டெஸ்க்டாப் தொடங்கும்போதும் அது எழும்படி அமைத்தேன். அப்புறமும் ஒரு இருக்கையில் மட்டும் எழுத்து தாறுமாறாக வந்தது. அந்தப் பழைய சிபியுவிலும் யாரோ தமிழ் கீபோர்டைப் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே ஒருமுறை மாறிய எழுத்து சர்வரில் இன்னொருமுறை மாறியது. இருக்கை மெஷின் எல்லாவற்றிலும் ஆங்கில அமைப்பு மட்டும், தமிழ் மாற்றம் சர்வருக்குள் மட்டும் என்று வைத்ததும் சரியானது. இதே வேலையைச் செய்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

மூன்றாவது வாரம் நடந்ததை என்னால் மறக்க முடியாது. டிஎன்பிஎஸ்சி படிக்கும் தங்கச்சி ஒருத்தி முந்தின மாலை கரண்ட் போனபோது எழுந்து போயிருந்தாள். கரண்ட் வந்ததும் வேறு இருக்கையில் நுழைந்தால் வெறும் டெஸ்க்டாப். ‘அண்ணே, அடிச்சது எல்லாம் போச்சுண்ணே’ என்று போனில் அழுதாள். ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி மறுத்தது. அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குத் தெம்பு வந்தது. ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அவளுடைய வேலை எங்கேயோ உயிரோடு இருக்கிறது. போய்ப் பார்த்தேன். முதல் இருக்கையில் நிற ஆழம், அதாவது திரையின் ஒரு புள்ளி நிறத்துக்கு ஒதுக்கும் அளவு, 32 பிட், இரண்டாவதில் 16 பிட். எக்ஸ்ஆர்டிபி ஒருவரை அவருடைய பழைய செஷனோடு, அதாவது ஏற்கெனவே திறந்திருக்கும் டெஸ்க்டாப்போடு, சேர்க்கும்போது பெயரோடு நிற ஆழத்தையும் ஒப்பிடுகிறது. அது மாறினால் அதே ஆளுக்குப் புது செஷன் ஒன்றைத் திறந்துவிடும். இரண்டாவது இருக்கையையும் 32க்கு மாற்றி நுழையச் சொன்னேன். எழுதிய இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இந்த வேலையை இன்னும் நாலு ஊரில் செய்யலாம்.

அன்றைக்கே ஐந்து இருக்கைக்கும் ஒரே அளவு வைத்தேன். இப்போது எங்கே எழுந்தாலும் எங்கே உட்கார்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரவு 11 மணிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மிச்சமிருக்கும் செஷன்களை மூடிவிடும். அதற்குள் சேமித்துவிடுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பிறகு ரேம் சண்டை. நான் அளந்த வரையில் வெறும் டெஸ்க்டாப்புக்கு ஆளுக்கு 400 எம்பி போல ஆகிறது. பிரவுசரில் நாலைந்து டேப் என்றால் 1.5 ஜிபி. ஐந்து பேருக்கு 32 ஜிபி தாராளம். ஆனாலும் ஒருநாள் மாலை ஐந்து திரையும் உறைந்து நின்றன. ஒரு பையன் வீடியோ டேப்களாகத் திறந்துகொண்டே போயிருக்கிறான். அவன் மேல் தவறில்லை, அளவு வைக்காமல் விட்டது நான். ஒரே மெஷினைப் பகிரும்போது ஒருவர் அள்ளினால் எல்லாருக்கும் பஞ்சம். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் ஒவ்வொரு யூசருக்கும் பொதுவாக எல்லை வைக்க வழி இருக்கிறது. 4 ஜிபி தாண்டினால் அந்த ஆளின் வேலை மட்டும் மெதுவாகும், 5 ஜிபி தாண்டினால் அவருடைய புரோகிராம் மட்டும் மூடப்படும். ஐந்து பேரும் உச்சத்தைத் தொட்டாலும் 25 ஜிபிதான், மீதி 7 சர்வருக்கு. பிராசசர் நேரத்தையும் ஆளுக்குச் சமமாகப் பிரித்தேன். அதன் பிறகு அந்த மாதிரி உறைந்ததே இல்லை.

வீடியோவை மட்டும் இந்த முறையால் சரியாகத் தர முடியவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்து, கணக்கு, விண்ணப்பம் எல்லாம் பக்கத்திலேயே மெஷின் இருப்பதுபோல ஓடுகின்றன. வீடியோ வந்தால் திரை முழுக்க ஒவ்வொரு நொடியும் மாறும், அத்தனையும் சர்வரின் பிராசசர்தான் அடைத்து அனுப்ப வேண்டும். பாட வீடியோக்களைப் பொது ஃபோல்டரில் இறக்கி வைத்துவிட்டு, தின் கிளையன்ட்டிலேயே நேரடியாக ஓடவிட்டோம். அதுதான் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பிரிண்டர் சர்வரில் மாட்டியதும் ஐந்து இருக்கைக்கும் வந்துவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கேபிளில் சொல்ல நிறைய இருக்கிறது. ஏப்ரலில் நாலாவது இருக்கையின் இணைப்பு அடிக்கடி அறுந்தது. நெட்வொர்க் ஸ்விட்சில் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. பிளக்கைக் கழற்றினால் எட்டுக் கம்பியின் முனையிலும் பச்சை. மலிவான பிளக்கில் தங்கப் பூச்சு பேருக்குத்தான் இருக்கிறது, நம் காற்றில் சில மாதம்கூடத் தாங்குவதில்லை. புது பிளக் அடிக்கக் கம்பியை உரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பிளேடால் லேசாகச் சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை. செப்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி. உப்புக்காற்றில் அது அரித்து முறிந்தே தீரும். முழுச் செப்புக் கேபிளாக மாற்றி, நல்ல பிளக் வாங்கி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் இரண்டு முனையும் அடித்தேன். சாக்கெட்டில் மின்சாதனங்களுக்கான சிலிக்கான் கிரீஸ் துளி. கேபிள் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் விஷயம். இன்வெர்ட்டரில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது. கணக்குப்படி 1,800 வாட்-மணி. பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, மாற்றத்தில் கொஞ்சம் வீணாகும், ஆக 750 கையில் நிற்கும். முன்பு ஐந்து சிபியுவும் மானிட்டரும் சேர்ந்து 450 வாட் இழுத்தன, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் இருட்டு. இப்போது சர்வர், ஸ்விட்ச், ரவுட்டர், இரண்டு தின் கிளையன்ட் இருக்கை மட்டும் இன்வெர்ட்டரில். 180 வாட். நாலு மணி நேரம் வருகிறது. மீதி மூன்று இருக்கை அணைந்தாலும் அங்கே இருந்தவர்களின் வேலை சர்வரில் அப்படியே காத்திருக்கும். இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் மோட் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது அந்தப் பக்கம் இல்லையென்றால் மாறும் நேரம் நீண்டு சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். எங்கள் இன்வெர்ட்டரில் அது வேறு பக்கம்தான் இருந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். அந்த 61 நாளும் படகில் போகும் தம்பிமார் மாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் கடலோரக் காவல்படைத் தேர்வுக்குப் படித்தான், இன்னொருவன் தன் அப்பாவின் டீசல் கணக்கை எக்ஸெல் மாதிரியே இருக்கும் கால்க்கில் ஏற்றினான். தடை முடிந்து கடலுக்குப் போனவர்களில் ஒருவன் இரண்டு வாரம் கழித்து வந்து, ‘அண்ணே, என் பேரு இன்னும் உள்ள இருக்கா?’ என்று கேட்டான். இருந்தது. 31 பெயர்கள் இருக்கின்றன, யாருடைய ஃபோல்டரையும் அவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி. பழைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்த காகிதங்களை அக்காவும் நானும் உட்கார்ந்து உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, டிஸ்குகளை முழுக்க அழித்தோம்.

இந்த ஏற்பாட்டின் பெரிய ஆபத்தும் நடந்தது. ஆகஸ்ட்டில் சர்வரின் பவர் சப்ளை போனது. ஐந்து இருக்கையும் ஒரே நொடியில் வெறுமை. பிராண்டட் ஒர்க்ஸ்டேஷனின் சப்ளை கடைகளில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் அளவில் இருக்காது, கனெக்டரும் வேறு. ராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எஸ்எஸ்டியில் எதுவும் ஆகவில்லை, ஆகியிருந்தாலும் தினமும் இரவு இன்னொரு டிஸ்குக்கு நகல் போகிறது, வாரம் ஒருமுறை ஒரு நகலை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போகிறார். ஆனால் உதிரி சப்ளை ஒன்றை முதல் நாளே சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். இப்போது பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி பீரோவில் இருக்கிறது.

வீட்டிலிருந்தே நுழைய முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடுவதை மட்டும் செய்யாதீர்கள். திறந்த சில மணி நேரத்திலேயே எங்கெங்கிருந்தோ பாஸ்வேர்டு முயற்சிகள் வந்து குவியும். 2019ல் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் கண்டுபிடிக்கப்பட்ட ப்ளூகீப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. நான் ராமநாதபுரத்திலிருந்து பராமரிக்க வயர்கார்டு என்ற பூட்டிய தனி வழி (விபிஎன்) வைத்திருக்கிறேன். எங்கள் இணைப்பில் வெளியிலிருந்து நேராக வந்து பிடிக்கும் தனி முகவரி (பொது ஐபி) கிடையாது, அதனால் வெளியே சின்ன வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் அதை வந்து பிடிக்கும்படி செய்தேன். வீட்டிலிருந்து நுழைய இப்போதைக்குக் குழந்தை பெற்று வீட்டில் இருக்கும் ஒரு தங்கச்சிக்கு மட்டும் சாவி கொடுத்திருக்கிறோம். குழந்தை தூங்கும் நேரத்தில் மகளிர் குழுக் கணக்கை அங்கிருந்தே முடித்துவிடுகிறாள்.

வாடை தொடங்குமுன் இன்னும் இரண்டு வேலை பாக்கி. மூன்றாவது இருக்கையின் கேபிளும் அந்த அலுமினியக் கம்பிதான், அதை மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் பழைய சிபியு இரண்டில் ஒன்றின் ஃபேன் இரைய ஆரம்பித்திருக்கிறது. தின் கிளையன்ட் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்தால் அந்த இடத்தில் உட்காரும்.